சாமி பாத்தியில் விழுந்த திருநீறு

எங்கள் வீட்டு வாசற்படி ஓரமாக ஆறு தொட்டிகளில் ரோஜா வைத்திருக்கிறேன். மலையூரான காந்தலில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். அதற்கு மேல் இடம் கிடையாது. போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பிடித்து, ஐந்தாம் நாள் காலையில் என் மகள் ஒரு மொட்டைக் கிள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, இங்க பாரு. பூவுக்கு யாரோ திருநீறு பூசியிருக்காங்க."

நான் சாமி படத்துக்கு முன்னால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து அவள் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் குழந்தை பயந்துவிட்டது. மொட்டை ஒரு பாலித்தீன் பைக்குள் மெதுவாக இறக்கி, வாயை இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டேன். அப்புறம் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் விரல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பாதி கழுவும்போது என் கை நின்றுவிட்டது. தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்பது வயது. அதே வயதில் நானும் இதே மாதிரி ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு என்னை யாரும் கை கழுவச் சொல்லவில்லை. கற்பூரம் கொளுத்தினார்கள்.

அப்போது நாங்கள் சோலூருக்குக் கீழே ஓடையோரம் இருந்தோம். அதற்கு முன்னால் தேயிலை எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் லைன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். அப்பாவுக்கு எஸ்டேட் பதிவேட்டில் பேர் கிடையாது. கேரட் தோட்டம், உருளைக்கிழங்குத் தோட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் மண்வெட்டி பிடிப்பார். அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை, கணவர் இறந்த பிறகு எங்களோடேயே இருந்தார். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடுத்தவன் செடியைத்தான் வளர்த்தோம் என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாது.

ஓடையோரத்து அரை ஏக்கர் ஒரு கவுடருடையது. தேயிலை நட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவரிடம் அப்பா போய்க் கேட்டார். கவுடர் நல்ல மனுஷர். யோசித்துவிட்டு, "ஸ்ட்ராபெரி வெக்கறேங்கற. வெச்சுப் பாரு. இந்த ஒரு காய்ப்பு நல்லா வந்துச்சுன்னா மூணு வருசத்துக்கு உனக்கே விட்டுடறேன். வரலேன்னா தை மாசம் தேயிலை நாத்து எறங்கிரும். அப்புறம் என்னையக் குறை சொல்லப்படாது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அம்மா எஸ்டேட்டிலிருந்து பேரை எடுத்துக்கொண்டார். பேர் போனால் லைன் வீடும் போகும். தோட்டத்து மூலையில் தகரம் அடித்து இரண்டு அறை கட்டிக் குடிவந்தோம். இது போனால் திரும்பிப் போக வீடு இல்லை என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா கண்ணுக்கு எதிரில் இருப்பார் என்பதுதான். பாத்தியில் குனிந்தபடியே, "வந்துட்டியா கண்ணு" என்பார். அதுவரைக்கும் என் அப்பாவை நான் வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

ஆவணியில் நாற்று இறக்கினோம். மொத்தம் இருபத்திரண்டு பாத்தி. மண்ணை மேடாக்கி, கருப்புத் தாள் விரித்து, ஓட்டை போட்டு ஒவ்வொரு செடியாக வைத்தோம். முதல் பாத்திக்குத் தலைமாட்டில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் தடவி, வேல் ஒன்று சாத்தினார் அத்தை. அந்தப் பாத்தி சாமிக்கு.

இது எங்கள் வழக்கம். எந்தத் தோட்டமானாலும் சாமிக்குப் பக்கத்துப் பாத்தியை நேர்ந்து விட்டுவிடுவோம். அதில் காய்ப்பதை நேர்ந்த நாள் வரை யாரும் தொடக்கூடாது. நாள் வந்ததும் மொத்தமாக எடுத்து முருகன் கோயிலில் வைத்துவிட்டு வருவோம். எங்களுக்குத் திருக்கார்த்திகை. கேரட்டும் முள்ளங்கியும் போட்ட காலத்தில் இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கேரட் மண்ணுக்குள் சும்மா இருக்கும், இன்னும் பத்து நாள் இரு என்றாலும் இருக்கும். ஸ்ட்ராபெரி அப்படி இல்லை. பழுத்த அன்றைக்கே எடு என்னும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சாமி பாத்தி விஷயத்தில் கேட்டிருப்போமா, தெரியாது.

ஐப்பசி முடிகையில் பழம் சிவக்க ஆரம்பித்தது. மற்றப் பாத்திகளில் அம்மாவும் அத்தையும் தினமும் பறித்தார்கள். சாமி பாத்தியில் பழம் பழுத்து, கனிந்து, கருஞ்சிவப்பாகி, காம்பிலேயே தொங்கிக் கருப்புத் தாளில் படிந்து கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். என் வாயில் எச்சில் ஊறும். கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. தூறலும் மஞ்சு மூட்டமுமாக, எந்நேரமும் ஈரம். துணி காயவில்லை. தீப்பெட்டி நமத்தது. பாத்திகளில் பூ இதழெல்லாம் பழுப்பேறி உதிராமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. அப்பா தினமும் பூக்களை விரலால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். வானத்தைப் பார்த்து, "கொஞ்சம் வெயில் காட்டுப்பா" என்று முருகனிடம் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல.

கார்த்திகைத் தீபத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கல்லுக்குப் பூ வைக்கப் போனேன். சாமி பாத்தியில் ஒரு பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. மெல்லிசாக, பட்டுப்போல. பக்கத்தில் இன்னொரு பழம் முழுக்க அப்படியே. குனிந்து பார்த்தேன். எங்கள் சாமி தட்டில் இருக்கும் திருநீறேதான். ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

அத்தை வந்தார், பார்த்தார், சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்ணில் தண்ணீர். "தம்பி, வந்து பாருடா. நம்ம கஷ்டத்த அவன் பாத்துட்டான்" என்று கத்தினார். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். எனக்கு இப்போதும் அந்த முகம் நினைவிருக்கிறது. நம்பலாமா என்று யாரிடமோ அனுமதி கேட்கிற முகம். அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகளைக் கூப்பினார்.

விஷயம் லைன் வீடுகளுக்கு எட்டிவிட்டது. மத்தியானம் கொழுந்துப் பையோடு பெண்கள் வந்தார்கள். பிறருடைய அரை ஏக்கரில் தகரக் கொட்டகை போட்ட எங்கள் வீட்டுக்கு அவ்வளவு பேர் வந்தது அதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி, வாசனையே இல்லையே என்றார். அத்தை விடவில்லை. "வாசனை வர்றதுக்கு இது கடையில வாங்குனதா? அவனே போட்டது." முதலில் கண்டவள் நான் என்று சொல்லி என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாமி பாத்திக்கு மட்டும் நீறு கிடைத்தது. மற்ற இருபத்தொன்றுக்கும் கிடைக்கவில்லை. அப்பா கவலைப்படுவதோ அந்த இருபத்தொன்றைப் பற்றி. யாரும் எழுவதற்கு முன் எழுந்து போனேன். பழத்தைப் பறிக்கவில்லை, அது தப்பு. மோதிர விரலால் தொட்டு, அடுத்த பாத்திக்குப் போய், தலைமாட்டுச் செடியில் ஒரு பழத்துக்கும் ஒரு பூவுக்கும் வைத்து, "முருகா, இதையும் பாத்துக்கோ" என்றேன். திரும்பி வந்து மறுபடி தொட்டுக்கொண்டேன். பாத்திகளுக்கு நடுவே குழந்தைகள் கால் வைக்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால் வரப்பிலேயே நடந்து, ஒவ்வொரு பாத்திக்கும் முதல் செடி. ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிப் பாத்திக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மஞ்சுக்குள் தோட்டமே தெரியவில்லை. நான் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தால் சொல்லக்கூடாது என்று அத்தைதான் சொல்லித் தந்திருந்தார்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கோத்தகிரிப் பக்கம் கண்ணாடித்தாள் கூடாரம் போட்டுப் பூ வளர்க்கும் கம்பெனியில் வேலை. கொஞ்சம் குடிப்பார். குடிக்காத நாளிலும் குடித்தவராகவே எங்கள் வீட்டில் கணக்கு. சாமி பாத்தியைக் காட்டினோம். செருப்பைக் கழற்றச் சொன்னார் அத்தை. மாமா கழற்றினார், குனிந்தார், அப்படியே நிமிர்ந்து இரண்டடி பின்னால் போனார்.

"மச்சான், இது நீறு இல்ல. பூசணம். எங்க கம்பெனியில சூப்பர்வைசரு பொட்ரைடிஸ்ம்பாரு. இது ஒரு பூவுல தெரிஞ்சா அந்தக் கூடாரத்துக்கே பூட்டு போட்ருவாங்க."

"நேத்துக் குடிச்சது இன்னும் எறங்கல போல" என்றார் அத்தை.

"குடிச்சா ரெண்டாத் தெரியும் பெரியக்கா. பூசணமாவா தெரியும்?"

"சாமியப் பூசணம்ங்கற வாய் வெளங்குமா?"

மாமா கையில் தண்ணீர் எடுத்து ஒரு பழத்தின் மேல் சொட்டவிட்டார். திருநீறாக இருந்தால் குழைய வேண்டும். தண்ணீர் மணியாக உருண்டு ஓடியது, சாம்பல் அப்படியே நின்றது. தானாகவே விழுந்து கிடந்த ஒரு பழத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு சுண்டினார். பைக்குள் புகை கிளம்பியது. "நீறு மேல வந்து விழும் மச்சான். இது உள்ளேருந்து மொளைக்குது. மொதல்ல தண்ணி கோத்த மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி. அமுக்குனா கொழகொழங்கும். அப்புறம் இந்த முடி. முடி வந்தா லேசாத் தொட்டாப் போதும், அந்தப் புகை போற எடமெல்லாம் இதுதான். இன்னிக்கே இந்தப் பாத்திய மொத்தமா எடுத்துப் பையில கட்டிக் குழியில போட்டு மூடுங்க. மத்ததுல பழுப்பானதை எல்லாம் கிள்ளுங்க."

அம்மா மெதுவாக, "ஏனுங்க, எந்தம்பி சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க" என்றார்.

அப்பா சாமி பாத்தியின் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினார். ஒரு பழத்துக்கு ஒரு சாண் உயரத்தில் அந்தக் கை நின்றது. மழை அவர் புறங்கையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். "நேந்துக்கிட்டது மாப்ள. ரெண்டு நாள்தான. தீபம் ஏத்திட்டு எடுத்தர்றேன்."

அந்த இரண்டு நாளும் மாமா அந்தப் பக்கமே போகவில்லை. வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

தீபத்தன்று சாயங்காலம் மழை விட்டது. அத்தை அதையும் முருகன் கணக்கில் எழுதினார். பாத்திக்கு ஒரு அகல் வீதம் வைக்க வேண்டும் என்றார். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, நான்தான் வரப்பில் ஒவ்வொரு தலைமாட்டிலும் வைத்துக்கொண்டு போனேன். அப்பா பின்னால் ஏற்றிக்கொண்டே வந்தார். இருட்டவில்லை, மங்கல் வெளிச்சம். இரண்டாம் பாத்தியில் விளக்கு எரிந்ததும் முதல் செடி பளிச்சென்று தெரிந்தது. இரண்டு நாள் முன்புவரை வெறும் பழுப்பாக இருந்த பழம், பூ, காம்பு எல்லாம் சாம்பல். மூன்றாம் பாத்தியிலும் முதல் செடி. நாலாவதிலும். அவற்றுக்குப் பின்னால் இருந்த செடிகள் பச்சையாக நின்றன. ஒவ்வொரு விளக்கும் ஒரு செடியைக் காட்டியது, அந்த ஒரு செடி மட்டும் வெளுத்திருந்தது. ஏழெட்டுப் பாத்திக்குப் பிறகு அப்பா விளக்கை ஏற்றாமல் நின்றுவிட்டார். மிச்ச அகல்களை அவர் ஏற்றவில்லை. வெறுமனே நடந்து கடைசிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மாமாவும் பார்த்தார். "அது எப்படி மச்சான்? சாமி பாத்திக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணாப் பரவி வந்தாச் சரி. எல்லாத்துலயும் தலமாட்டுல மட்டும்..."

அப்பா என்னைப் பார்த்தார். என் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. மறுபடி மாமாவைப் பார்த்து, "காத்துதான் மாப்ள. வேறென்ன" என்றார்.

மாமா என்னவோ கேட்க வாயெடுத்தார். திரும்பி உள்ளே போனார்.

நாலே நாளில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. மழை மறுபடி பிடித்திருந்தது. அப்பாவும் மாமாவும் குழி வெட்டினார்கள். செடிகளைப் பையில் திணித்து இறக்கிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். சாமி பாத்தியை அப்பாதான் பிடுங்கினார். ஒவ்வொரு செடியாக, முட்டி போட்டு.

வேலை முடிந்த அன்று அத்தை வாசலில் நின்றுகொண்டு, யாருக்கும் சொல்லாதவர்போல எல்லாருக்கும் சொன்னார்: "வீட்டுக்குத் தூரமான நாள்ல பாத்தியில கால வெச்சா இப்படித்தான் ஆகும்." அம்மா முதுகில் அடி விழுந்தவர் மாதிரி நிமிர்ந்தார். அப்பா அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். "அக்கா, இன்னொரு வார்த்த பேசாதீங்க. பறிக்காம விட்டது நானு. மாப்ள சொல்லியும் கேக்காதது நானு. யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லுங்க." நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். முருகனைக் கேட்காமல் அவன் நீற்றை எடுத்ததால் கோபித்துக்கொண்டான் என்று பயந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைப் பேசியபோதும் திறக்கவில்லை.

கவுடர் குடை பிடித்துக்கொண்டு வந்து வெறும் பாத்திகளைப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. தையில் தேயிலை நாற்று இறங்கியது. நாங்கள் காந்தலில் ஒற்றை அறைக்கு வந்தோம். எஸ்டேட்டில் அம்மாவின் பேரைத் திரும்பச் சேர்க்கவில்லை. அம்மா கேரட் கழுவுகிற இடத்துக்குக் கூலிக்குப் போனார். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் போனார். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் வருவார். நகக்கண்ணில் நீலமோ சிவப்போ இருக்கும். ஐந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் அவரை வண்டியில் கொண்டுவந்தார்கள். நுரையீரல் என்று சொன்னார்கள். அத்தை அழுத அழுகையை அடக்க ஆள் இல்லை.

முருகன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. நீறு பூசாமல் வாசல் தாண்டுவதில்லை. அவன் அனுப்பியதாக நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம், அவன் எங்கே சொன்னான்? பறிக்காதே என்றும் அவன் சொல்லவில்லை. குழம்பியது நாங்கள். ஆனால் அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் இத்தனை வருஷமும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். காற்று கொண்டுவந்தது, அழித்துவிட்டது. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

போன ஐப்பசியில் என் மகளின் விரலைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாயங்காலத்தில் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது. காற்று வரப்பில் நடந்து, இருபத்தொரு பாத்தியிலும் முதல் செடியாகப் பார்த்து, ஒன்றையும் விடாமல் தொட்டுக்கொண்டு போகாது. செடி வளர்த்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

விளக்கு ஏற்றிய அன்று, மாமா உள்ளே போன பிறகு, அப்பா என்னைக் கூப்பிட்டார். "வா கண்ணு, கை கழுவிக்கலாம்." டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்து மற்ற விரல்களை மடக்கிவிட்டு, மோதிர விரலை மட்டும் பிடித்து, நகக்கண்வரை தேய்த்தார். திரும்பத் திரும்பத் தேய்த்தார். தண்ணீர் ஐஸாக இருந்தது. எண்ணெய்க் கறைக்காகத்தான் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "இந்த விரல்ல எண்ணெய் படலப்பா, இதுல படல" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர், "பரவால்ல கண்ணு, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே கழுவினார்.